நாகூரில் நடை பழகினேன்

நாகூருக்கு ஒருவன் தனியாகப் பை தூக்கிக்கொண்டு போனால் வேண்டுதலுக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "தர்காவுக்கா? மொட்டை போடவா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டி வைத்தேன். ஐம்பதைத் தாண்டிய ஆள், நடக்கக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று முன்பின் தெரியாதவரிடம் எப்படிச் சொல்வது? அவர் விடவில்லை. "நல்ல காரியம். எல்லாம் சரியாப் போயிடும்" என்று என் முழங்காலைத் தட்டினார். எது சரியாகப் போக வேண்டும் என்று கேட்காமலே சொன்னதால் அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

எனக்கு ஊர் வலங்கைமானுக்குப் பக்கத்தில். பெயர் கலியபெருமாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வயலில் இறங்கினேன். நெல்தான் எனக்குத் தெரிந்த தொழில். போன வருடம் சம்பா நடவு முடிந்த சமயம், ஒரு காலை படுக்கையிலிருந்து எழுந்தபோது வீடு என்னைச் சுற்றியது. தூணைப் பிடித்தால் தூணும் சேர்ந்து சுற்றியது. தஞ்சாவூரில் பார்த்த டாக்டர் காதுக்குள் கோளாறு என்றார். மருந்தில் சுற்றல் நின்றுவிட்டது. ஆனால் அது நிற்பதற்குள் வரப்பிலிருந்து பயிருக்குள் ஒரு தடவையும், பாலத்திலிருந்து வாய்க்காலுக்குள் ஒரு தடவையும் விழுந்திருந்தேன். நோய் போய்விட்டது, பயம் போகவில்லை.

பாலம் என்று சொன்னது ஒரு பனைமரம். வாய்க்காலுக்குக் குறுக்கே கிடக்கும். அதைத் தாண்டினால்தான் எங்கள் வயல். தாண்டிய பிறகும் வரப்புதான் வழி. பயிர் நிற்கும்போது வயலுக்குள் இறங்கி நடக்க முடியாது. வரப்பில் நடக்க முடியாதவன் நெல் விவசாயம் பார்க்க முடியாது. அவ்வளவுதான் கணக்கு. அந்தச் சம்பா முழுவதும் என் மனைவி சரோஜாதான் வயலுக்குப் போனாள். நான் இக்கரையில் நின்று, "அங்க எலி வெட்டியிருக்கா பாரு, கோடி வயல்ல தண்ணி நிக்குதா பாரு" என்று கத்திக்கொண்டிருப்பேன்.

சரோஜாவின் தம்பி முருகையன் நல்ல பிள்ளை. "இந்தக் குறுவையிலேருந்து நெலத்த நான் குத்தகைக்குப் பாத்துக்கறேன் மாமா. நீங்க வீட்ல நிம்மதியா இருங்க" என்றான். நிலத்தைக் கொடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் யாரிடமும் வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லை. "பாக்கலாம்" என்றேன். அவன் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு நாற்றங்காலுக்கு விதை தேட ஆரம்பித்துவிட்டான்.

பங்குனியில் எங்கள் ஊர்ப்பக்கம் மாரியம்மனுக்குப் பாடைக்காவடி எடுப்பார்கள். சாகக் கிடந்து பிழைத்தவர்களை, செத்தவர்களைக் கிடத்துவது போலவே பாடையில் கிடத்தி, கைகால் கட்டி, மாலை போட்டுக் கோயிலுக்குத் தூக்கிப் போவது வழக்கம். அங்கே தீர்த்தம் தெளித்ததும் எழுந்து வந்துவிட வேண்டும். எனக்குச் சுற்றல் வந்தபோது சரோஜா அதை வேண்டிக்கொண்டிருந்தாள். படுத்தேன். கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். நான்கு பேர் தூக்கினார்கள். பாடை தோளுக்கு ஏறியதும் வானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவ்வளவுதான், கைக்கட்டை உருவிக்கொண்டு இரண்டு பக்கத்து மூங்கிலையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, கைய விடுங்க. செத்தவன் எங்கயாவது புடிப்பானா?" என்றான் முன்னால் தூக்கிய முருகையன்.

"நல்லா புடிச்சுக்கட்டும்ப்பா. பொணம் எறங்கி ஓடாம இருந்தா சரி" என்றார் பின்னால் தூக்கியவர்.

பறைச் சத்தத்தையும் மீறிக் கூட்டம் சிரித்தது. கோயில் வரைக்கும் நான் பிடியை விடவில்லை.

அந்தத் திருவிழாவில் நாகூரிலிருந்து வந்து வளையலும் அத்தரும் விற்கிற கடை போட்டிருந்தார் ஹாஜா பாய். மறுநாள் சரோஜாவுக்குக் கொண்டை ஊசி வாங்கப் போனேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நேத்து பாடையில வந்தது நீங்கதானேண்ணே?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

"சிரிக்கறதுக்காகக் கேக்கல. என் சம்சாரமும் இப்படித்தான் இருந்துச்சு. பினாங்குல கடை வச்சிருந்தப்ப ஒருநாள் மாடிப்படியில தலை சுத்தி உருண்டுடுச்சு. அதுக்கப்புறம் சுவத்தப் புடிக்காம அடி வைக்காது. பக்கத்து வீட்டுல ஒரு சீனத்து அம்மா. காலையில மைதானத்துல மெதுவ்வா, தண்ணிக்குள்ள நடக்கற மாதிரி நடக்கும். தாய்-சின்னு பேரு. சி-கோங்குன்னு மூச்சுப் பயிற்சி ஒண்ணும் உண்டு. அந்த அம்மாகிட்ட கத்துக்கிட்டுத்தான் என் சம்சாரம் எழுந்துச்சு. இப்ப எங்க தெருவுல நாலு பொம்பளைங்களுக்கு அது சொல்லிக் குடுக்குது. கோடையில வந்து கொஞ்ச நாள் எங்க வீட்டுல தங்குங்க."

முகம் தெரியாத வீட்டில் போய்த் தங்குவதா என்று நான் இழுத்தேன். சரோஜா வைகாசியில் பையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள்.

நாகப்பட்டினத்தில் இறங்கியதும் ஷேர் ஆட்டோ. உள்ளே இடமில்லை என்று டிரைவர் தன் பக்கத்தில் பாதி சீட்டைக் கொடுத்தார். பாதி உடம்பு உள்ளே, பாதி ரோட்டில். முதல் வளைவிலேயே கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, கம்பியப் புடிங்க. நீங்க புடிச்சிருக்கறது என் சட்டைக் காலரு."

"தெரியும்ப்பா" என்றேன். விடவில்லை. நாகூர் வருவதற்குள் அவர் சட்டையில் ஒரு பொத்தான் போயிருந்தது. காசு கொடுக்கும்போது அவர் என்னைப் பார்த்து, "தர்காவுலயா எறங்குறீங்க? எனக்கும் சேத்து வேண்டிக்குங்க" என்றார்.

ஹாஜா பாய் வீடு நீளமான வீடு. தெருவில் கடை, அதற்குப் பின்னால் ஒரு கூடம், அதற்குப் பின்னால் முற்றம், முற்றத்தை ஒட்டி அடுப்படி. எனக்குக் கடையை ஒட்டிய அறையைக் கொடுத்தார்கள். அத்தர் வாசனையில் படுத்து எழுந்த நாட்கள் அவை. ஊருக்குத் திரும்பிய பிறகும் என் சட்டைகளைச் சரோஜா கொஞ்ச நாள் முகர்ந்து முகர்ந்து பார்த்தாள்.

பாயின் மனைவி பரிதாவுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். குரல் பெரிது. சாயங்காலம் வீட்டிலேயே வாடா போட்டு விற்பார். அரிசி மாவும் வெங்காயமும் பிசைந்து, மேலே இறாலைப் பதித்து எண்ணெயில் போடுவது. போன அன்றைக்கே ஒரு தட்டு வந்தது. நான் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். காலையில் இடியாப்பமும் கறி ஆணமும். குழம்பைத்தான் ஆணம் என்கிறார்கள். எங்கள் வீட்டில் சோற்றுக்கு நடுவே குழம்பு இருக்கும். இங்கே ஆணத்துக்கு நடுவே இடியாப்பம் இருந்தது. ஒரு பேருந்துப் பயண தூரம்தான், சாப்பாட்டில் வேறு நாடு.

ஒன்று மட்டும் மனதை அரித்தது. மதியச் சோறு குண்டு அரிசியா சன்ன அரிசியா, புதுசா பழசா என்று வாயில் வைத்ததும் எனக்குத் தெரிந்துவிடும். இனி அரிசியைக் கடையில்தான் பார்ப்பேனோ என்று அன்றைக்கு முதல் கவளத்திலேயே தோன்றிவிட்டது.

மறுநாள் காலை முற்றத்தில் பாடம். பரிதா எதிரே நின்று, கால்களை அகட்டி, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, இரண்டு கைகளையும் மூச்சோடு மேலே தூக்கி, மூச்சோடு கீழே இறக்கிக் காட்டினார். நான் செய்தேன். அவர் பார்த்தார். அவர் பார்க்கிறார் என்று தெரிந்ததும் என் கைகள் பக்கத்து வீட்டுக்காரன் கைகள் போல ஆகிவிட்டன. ஒரு அடி எடுத்து வைக்கச் சொன்னார். கால் காலோடு பின்னிக்கொண்டு முற்றத்துத் தூணில் போய் முட்டினேன்.

"யாரும் பாத்தா எனக்கு நடக்கவே வராதுங்க" என்று தூணைப் பார்த்துச் சொன்னேன்.

ஹாஜா பாய் என்ன செய்வதென்று தெரியாமல் மனைவியைப் பார்த்தார். பரிதா கொஞ்சம் யோசித்தார்.

"சரிண்ணே. நான் பாக்கல. எனக்கும் அடுப்படியில வேலை கெடக்கு. நீங்க பாட்டுக்கு முத்தத்துல நடங்க. நான் காதால பாத்துக்கறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அன்றிலிருந்து அப்படித்தான் பாடம் நடந்தது. அவர் உள்ளே வெங்காயம் நறுக்குவார். நான் வெளியே ஆளில்லாத முற்றத்தில் நடப்பேன். குரல் மட்டும் வரும்.

"ஒரு காலை நெரப்புங்க. இன்னொரு காலைக் காலி பண்ணுங்க. காலியான காலத்தான் தூக்கணும். குதிகால் மொதல்ல தொடணும். தொட்ட ஒடனே ஏறி நின்னுடாதீங்க. கொஞ்சம் கொஞ்சமா உள்ள விடுங்க."

'டொப்' என்று வைத்தேன்.

"எடது கால் விழுதுண்ணே. வைக்கணும்."

மறுபடி வைத்தேன்.

"இப்பவும் விழுது."

"எண்ணெய் பொரியற சத்தத்துலயும் கேக்குதா?"

"எண்ணெய் இன்னும் காயவே இல்லண்ணே. பொரியறது உங்க முழங்கால்."

காலை நிரப்புவது, காலி பண்ணுவது என்பது முதல் இரண்டு நாட்கள் எனக்குப் பிடிபடவில்லை. பிறகு எனக்கு நானே ஒரு வழியில் புரிந்துகொண்டேன். மேல் வயலில் தண்ணீர் நிற்கும். வரப்பில் ஒரு வெட்டு வெட்டிவிட்டால் கீழ் வயலுக்குப் போகும். தண்ணீர் தாவிப் போகாது. இங்கே வடிய வடிய அங்கே ஏறும். இடுப்பில் அந்த வெட்டு இருப்பதாக நினைத்துக்கொண்டு நடந்தேன். அடுப்படியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. முற்றத்தின் அந்த மூலை வரை போய்த் திரும்பினேன். அப்போதும் சத்தமில்லை.

"தங்கச்சி, இருக்கீங்களா?"

"இருக்கேண்ணே. ஒண்ணும் கேக்கல. அப்படியே போங்க."

அன்றைக்குப் பூராவும் எனக்கு யாரோ மாலை போட்டது போல இருந்தது.

நடை வந்தது, கண் வரவில்லை. தரையைப் பார்த்தேதான் நடந்தேன். அதையும் அவர் கண்டுபிடித்தார். நான் பேசும்போது குரல் கீழேயிருந்து வருகிறதாம்.

"நிமிந்து எதிர்ச்சுவத்தப் பாருங்கண்ணே."

"வரப்புல பாம்பு கெடக்கும், நண்டு வளை இருக்கும். கீழ பாக்காம நடக்கறவன் எங்க ஊர்ல கெடையாது."

"என் வீட்டு முத்தத்துல பாம்பு இல்ல. நான்தான் பெருக்குனேன்."

கைகளுக்கான பாடத்தை ஹாஜா பாய் காட்டினார். அவருக்குத் தெரிந்தது பாதி. மீதிக்கு மனைவியைக் கூப்பிட்டுக் கேட்பார். "ஒரு பெரிய பந்தப் புடிச்ச மாதிரி கைய வச்சுக்கிட்டு, இடுப்பைத் திருப்பி, அப்படியே அனுப்பி விடுங்க" என்றார். பந்து என் வாழ்க்கையில் அதிகம் வந்ததில்லை. இரண்டு கைக்கு நடுவே ஒன்றைப் பிடித்து, இடுப்பைத் திருப்பி அனுப்புவது என்றால் எனக்கு நாற்று முடிதான். பறித்துக் கட்டிய நாற்றைக் கரையில் நின்று நடவு வயலுக்குள் வீச வேண்டும். நடுகிறவர்களின் கைக்கெட்டும் தூரத்தில் போய் விழ வேண்டும். சின்ன வயதிலிருந்து செய்த வேலை. திருப்பினேன், வீசினேன். ஹாஜா பாய் தன்னையறியாமல் குனிந்துவிட்டார்.

"என்னாங்க அங்க சத்தம்?" என்றது அடுப்படி.

"அண்ணன் பந்த வீசிட்டாரு. ஓட்டு மேல போயிடுச்சு."

"ஏணி வச்சு எடுத்துட்டு வரச் சொல்லுங்க. இருக்கறது ஒரு பந்துதான்."

நான் சிரித்த சிரிப்பில் முற்றத்துப் புறா பறந்தது. ஊரை விட்டு வந்த பிறகு சத்தமாகச் சிரித்தது அப்போதுதான்.

விடிந்ததும் ஹாஜா பாயோடு கடற்கரைக்குப் போவேன். அவர் எந்தப் பயிற்சியும் செய்ய மாட்டார். "எனக்கெல்லாம் எதுக்குண்ணே? வயிறு முன்னால போவுது, நான் பின்னாலயே போறேன். விழுந்தாலும் வயித்து மேலதான் விழுவேன்" என்பார். ஈர மணலில் நின்று நான் மூச்சை இழுத்து விடுவேன். அலை வந்து திரும்பும்போது பாதத்துக்கு அடியிலிருக்கும் மணலை உருவிக்கொண்டு போகும். முதல் நாள் பாயின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் ஒருநாள், மணல் போனால் போகட்டும் என்று முழங்காலைத் தளர்த்தி நின்று பார்த்தேன். பாதம் குதிகால் வரை புதைந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன். வயலில் சேறு இழுப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் அதிகமில்லை. உப்புக் காற்றில் கண்ணை மூடினேன். சுற்றல் வந்த நாளிலிருந்து, நிற்கும்போது நான் கண்ணை மூடியதே இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் தெருப் பெண்கள் தங்கள் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். நான் முற்றத்தின் நடுவில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். வாசலில் நான்கு பேர். அதில் மெஹர் என்ற அம்மாள்தான் பேச்சில் பெரிய ஆள்.

"ஏன் நிறுத்திட்டீங்கண்ணே? செய்யுங்க. நாங்களும் பின்னால நின்னுக்கறோம். எங்க வீட்டு ஆம்பளைங்க சோத்தக்கூட ஓடிக்கிட்டே திங்கறாங்க. ஒரு ஆம்பளை மெதுவா எதையாவது செய்றத நாங்க எப்ப பாக்கறது?"

தூக்கிய கால் எங்கே போய் இறங்கியது என்று தெரியவில்லை. கடைக்குள் ஓடி வளையல் அட்டைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். முற்றத்தில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. பரிதா பிறகு டீ கொண்டுவந்து வைத்தார்.

"முத்தத்துல நல்லா நடக்கறீங்கண்ணே. ஆனா உங்க ஊர்ல வயலச் சுத்திச் சுவரு இருக்கா?"

நான் டீயைக் குடித்தேன். எங்கள் ஊரில் வயலைச் சுற்றிக் கண்கள்தான் இருக்கின்றன.

இன்னும் ஒரு வாரம் இருக்கலாம், பெண்களோடு சேர்ந்தே நிற்கப் பழகலாம் என்று நினைத்திருந்தேன். அதற்குள் சரோஜாவின் போன் வந்தது.

"என்னாங்க, வாய்க்கால்ல தண்ணி வந்துட்டுது. நாத்தும் வளந்துட்டுது. முருகையன் நாளைக் காலையில நடவு ஆளுக்குச் சொல்லிட்டான். அவன் எறங்கி நட்டுட்டான்னா அப்பறம் அது அவன் வெள்ளாமை. நீங்க கரையிலதான் நிக்கணும். அவன்கிட்ட வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தம்பி. சொல்றதா இருந்தா நீங்க வந்து சொல்லுங்க."

"பாக்கலாம்" என்றேன்.

"பாக்கறதுக்கு நேரம் இல்ல" என்று வைத்துவிட்டாள்.

அன்று மத்தியானமே கிளம்பினேன். பரிதா சரோஜாவுக்கென்று ஒரு டப்பாவில் தம்ரூட்டு வைத்துக் கொடுத்தார். ரவையும் நெய்யும் போட்டுச் செய்கிற இனிப்பு. "பாடம் பாதிதாண்ணே ஆயிருக்கு. பரவாயில்ல, எனக்கும் பாதி ஆனப்பதான் நாங்க ஊருக்குத் திரும்பினோம்" என்றார்.

பேருந்தில் உட்கார இடமில்லை. மீன் விற்றுவிட்டு வெறுங்கூடையோடு திரும்பும் ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் எதையும் பிடிக்கவில்லை. ஒரு கையில் கூடை, ஒரு கையில் போன். போனில் யாரையோ வறுத்தெடுத்துக்கொண்டே வண்டி எந்தப் பக்கம் ஆடினாலும் கூடவே ஆடினார். டிரைவர் ஒரு மாட்டுக்காக பிரேக் போட்டபோது பேருந்தே முன்னால் சாய்ந்தது. என் முழங்கால் மடங்கிக் கொடுத்து, திரும்ப நிமிர்ந்தது. கம்பியைப் பிடித்திருந்தேன்தான். ஆனால் ஒரு கையால், இரண்டு விரலால். கண்டக்டர், "உள்ள தள்ளிப் போங்க" என்றார். போனேன். மனது மட்டும் கூட வரவில்லை. முருகையனிடம் என்ன சொல்வது என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு வாக்கியம் செய்தேன். அடுத்த நிறுத்தத்தில் அது மறந்துபோனது.

மறுநாள் காலை வாய்க்கால் கரைக்குப் போனபோது புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் கரைமுட்டப் போய்க்கொண்டிருந்தது. பனைமரத்தின் அடிவயிற்றைத் தொட்டுக்கொண்டு ஓடியது. அக்கரையில் முருகையன் மடையருகே நின்றிருந்தான். சரோஜா இக்கரையில் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பின்னால் நடவுப் பெண்கள் தூக்குவாளிகளோடு வந்துவிட்டார்கள். பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான் போக முடியும். முன்னால் நான் நிற்கிறேன். நகரவும் முடியவில்லை, விலகவும் தோன்றவில்லை.

நடவுக்கு ஆள் கூட்டி வரும் பாக்கியம் பின்னாலிருந்து கேட்டாள். "அண்ணே, நீங்க போவப் போறீங்களா, நாங்க போவட்டுமா?"

"மாமா, நீங்க அங்கயே இருங்க!" என்று அக்கரையிலிருந்து முருகையன் கத்தினான். "நான் பாத்துக்கறேன்!"

அத்தனை பேரும் என் காலைப் பார்த்தார்கள். முற்றமாக இருந்தால் ஓடியிருப்பேன். இங்கே ஓடுவதற்கு வளையல் கடை இல்லை. வலது காலை மரத்தில் வைத்தேன். குதிகால் தொட்டது. ஏறவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டேன். இடது கால் காலியானது. தூக்கினேன். கண்ணை எங்கே வைப்பது என்று ஒரு கணம் தடுமாறி, அக்கரையிலிருந்த முருகையனின் தலைப்பாகையில் வைத்தேன். தண்ணீர் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு ஓடுவது ஓரக்கண்ணில் தெரிந்தது. அது போகட்டும், நான் என் வழியில் போகிறேன்.

"அண்ணன் அக்கரை சேர்றதுக்குள்ள சம்பா வந்துடும்டி" என்றாள் ஒருத்தி.

"சும்மா இரு. சாமி பொறப்பாடு மாதிரி போறாரு. பாத்துக் கும்புட்டுக்க" என்றாள் பாக்கியம்.

அடுத்த கால். அதற்கடுத்த கால். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. கடைசி அடியில் பாதத்தின் கீழ் மரம் போய் மண் வந்தது. நான் நின்றேன். பின்னால் நடவுப் பெண்கள் ஒருத்தி பின் ஒருத்தியாகப் பேசிக்கொண்டே ஓட்டமாகப் பாலத்தைத் தாண்டி என்னைக் கடந்து போனார்கள். சரோஜா கடைசியாக வந்தாள். கண்ணைத் துடைத்தபடி, "வெயிலு" என்றாள். வெயில் இன்னும் ஏறவில்லை.

எனக்கு அப்போது வந்த மிதப்பைச் சொல்ல முடியாது. இருக்கிற வரப்பிலேயே அகலமான வரப்பில் நிமிர்ந்து நடந்தேன். முதல் நாள்தான் அதற்குச் சேறு வைத்து மெழுகியிருந்தார்கள். நான்கு அடி போயிருப்பேன். ஒரு கால் தனியாகப் புறப்பட்டுப் போனது. அடுத்து நான் வயலுக்குள் மல்லாந்து கிடந்தேன். முதுகெல்லாம் சேறு. காதுக்குள் சேறு.

பேச்சுச் சத்தம் நின்றுவிட்டது. முருகையன் ஓடிவருவது தண்ணீரில் சளப் சளப் என்று கேட்டது. நான் அசையாமல் கிடந்து காத்திருந்தேன். இதோ வானம் சுற்றப் போகிறது. வானம் சுற்றவில்லை. ஒரு கொக்கு நேராகப் பறந்து போனது. அது நேராகத்தான் போனது என்பது எனக்குத் தெரிந்தது. பயம் வரும் என்று இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன். வரவில்லை. சேறு குளிர்ச்சியாக, படுக்க நன்றாக இருந்தது.

பாக்கியம்தான் முதலில் வாயைத் திறந்தாள். "நடறதுக்கு நாங்க வந்திருக்கோம். அண்ணன் தன்னையே நட்டுக்கிட்டாரு!"

வயல் முழுக்கச் சிரிப்பு. நானும் படுத்தபடியே சிரித்தேன். முருகையன் மட்டும் சிரிக்கவில்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"இதுக்குத்தான் மாமா சொன்னேன். புடிங்க கைய."

நான் ஒரு முழங்காலை ஊன்றி, அதற்கு உடம்பை விட்டு, இன்னொரு காலை எடுத்து வைத்து எழுந்தேன்.

"முருகையா, குத்தகை வேணாம்ப்பா. இந்தக் குறுவைய நானே பாத்துக்கறேன்."

பேருந்தில் செய்த வாக்கியங்களில் எதுவும் இல்லை இது. நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது போல. நடவுப் பெண்கள் குனிந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "விழுந்துட்டுச் சொல்றீங்களே மாமா?"

"விழுந்துட்டுத்தாம்ப்பா சொல்றேன்."

அவன் அக்காளைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கடைசியிலிருந்த கோடி வயல் பக்கம் கையைக் காட்டி, "அங்க தண்ணி அதிகமா நிக்குது மாமா. வடிய வச்சாத்தான் நட முடியும். போய் மடையப் பாருங்க" என்றான். கோபமாகத்தான் சொன்னான். ஆனால் சுற்றல் வந்ததிலிருந்து முதல் தடவையாக எனக்கு ஒரு வேலை சொன்னான்.

சேற்றோடு வரப்பில் ஏறினேன். கோடி வயல் தூரம். பாதி வழியில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்களே என்று திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் குனிந்து நட ஆரம்பித்திருந்தார்கள்.